வீட்டுலயே படிக்கிற பிள்ளைக்கு ஒம்பதாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் பாடத்தைப் பிரிச்சுப் போடுறது எப்படி

ஹோம்ஸ்கூலிங் பண்ற வீடுகள்ல பிள்ளைக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு வரைக்கும் யாரும் பெருசா கேள்வி கேக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா போதும், முகப்புல உக்காந்திருக்கிற ஐயாமார்லருந்து ரெண்டாம் கட்டுல காய் நறுக்குற ஆச்சிமார் வரைக்கும் ஒரே கேள்வி தான், “ஏத்தா, பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைய எந்தக் காலேஜ்ல சேத்துக்குவாக?”

சேத்துக்குவாங்க, அதுல சந்தேகமே வேணாம். நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்க படிக்காததால மாட்டிக்கிறது ரொம்பக் கம்மி, எந்தப் பாடத்தை எந்த வருஷம் எழுதுறதுன்னு யோசிக்காம விட்டதால மாட்டிக்கிறது தான் ஜாஸ்தி. அதனால ஒம்பதாவதுல என்ன சொல்லிக் குடுக்கலாம்னு ஆரம்பிக்காம, பதினெட்டு வயசுல எந்தக் காலேஜ் வாசல்ல நிக்கப் போறான்னு ஆரம்பிச்சு அங்கேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும். நான் சொல்லப் போறது பூரா அதுதான்.

சட்டத்தைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துடுறேன். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுலருந்து 14 வயசு வரைக்குமான பிள்ளைங்களுக்கு. வீட்ல படிக்க வைக்கிற பெத்தவங்களுக்குன்னு அதுல தண்டனை எதுவும் இல்ல. நாம இப்ப பேசுறது 13, 14 வயசுக்கு மேல.

மொதல்ல எந்த வாசல்னு பாருங்க

பிள்ளைக்கு இன்னும் முடிவாகலைன்னாலும் பரவால்ல, ரெண்டு மூணு வாசலைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் என்ன கேக்குதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

தமிழ்நாட்ல இன்ஜினியரிங்னா நுழைவுத் தேர்வு கிடையாது, பன்னெண்டாவது மார்க் தான். கணக்கு 100-க்கு, பிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு, மொத்தம் 200-க்கு கட்ஆஃப். நம்ம ஊர் அழகப்பா அரசு பொறியியல் கல்லூரிக்கும் இந்தக் கட்ஆஃபை வச்சு நடத்துற கவுன்சிலிங் தான், காரைக்குடியில மத்திய அரசோட மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில இருக்கிற கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக்குக்கும் அதே வழி தான். ஆக இந்த வாசல்ல நிக்கப் போற பிள்ளைக்கு அந்த மூணு பாடத்துல ஒவ்வொரு மார்க்கும் காசு மாதிரி, மத்த பாடம் பாஸானா போதும்.

என்ஐடி, ஐஐடின்னா ஜேஇஇ, கூடவே பன்னெண்டாவதுல 75 சதவீதம் இல்லன்னா அந்த போர்டுல மேல இருக்கிற 20 பெர்சென்டைல்ல வரணும், எஸ்சி எஸ்டி மற்றும் மாற்றுத் திறனாளி பிள்ளைகளுக்கு 65. அந்த 75-ஐக் கணக்குப் பண்றது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, ஒரு மொழி, இன்னொரு பாடம்னு அஞ்சு பாடத்துல, அதனால இங்க எதையும் சும்மா பாஸ் பண்ணா போதும்னு விட முடியாது.

டாக்டர்னா நீட். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் பன்னெண்டாவதுல இருக்கணும், பொதுப் பிரிவுக்கு அந்த மூணு அறிவியல் பாடத்துல 50 சதவீதம், அட்மிஷன் வருஷம் டிசம்பர் 31-க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். திறந்தநிலைப் பள்ளியில படிச்சவங்க நீட் எழுதக் கூடாதுன்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு, கோர்ட்டுக்குப் போய் அது ஒழிஞ்சுது, இன்னைக்கும் பழைய சேதியை வச்சுக்கிட்டு பயமுறுத்துறவங்க இருக்காங்க, காதுல போட்டுக்காதீங்க.

காமர்ஸ் பக்கம், அதுவும் நம்ம நகரத்தார் வீடுகள்ல, சிஏ ஆசை இருக்கும். ஃபவுண்டேஷன்ங்கிற மொதல் கட்டப் பரீட்சைக்கு பத்தாவது முடிச்சதுமே பதிஞ்சுக்கலாம், பன்னெண்டாவது எழுதினதும் பரீட்சைக்கு உக்காரலாம், நாலு பேப்பர், மொத்தம் 400 மார்க், ஒவ்வொண்ணுலயும் 40, மொத்தத்துல 50 சதவீதம் எடுக்கணும். மூணாவது பேப்பர்ல கணக்கும் புள்ளியியலும் இருக்குங்கிறதை மறந்துட்டு “காமர்ஸ் தானே, மேத்ஸ் எதுக்கு”ன்னு விட்டுடுறாங்க.

மத்திய பல்கலைக்கழகங்கள்னா, திருவாரூர்ல இருக்கிற நம்ம மத்திய பல்கலைக்கழகமும் சேத்து, 2022-லருந்து சியூஇடி-ங்கிற பொது நுழைவுத் தேர்வு. டெல்லி பக்கம் போற எண்ணம் இருந்தா பன்னெண்டாவதுல படிச்ச பாடத்துலயே அதை எழுதணும், படிக்காத பாடத்தை எழுதிட்டுப் போய் நிக்க முடியாது. சட்டம்னா க்ளாட், திருச்சி தேசிய சட்டப் பள்ளி அதுல வரும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி. வெளிநாடு தனிக் கதை, கீழ சொல்றேன்.

எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா ஒண்ணு தெரியும். பயாலஜியை விட்டா ஒரு வாசல் மூடும், அக்கவுண்டன்சியை விட்டா பெருசா எதுவும் மூடாது, ஆனா கணக்கை விட்டா வரிசையா மூடும். இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், நல்ல காலேஜ்ல எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் போயிடும். அதனால பிள்ளை டாக்டர் தான்னு அடம்பிடிச்சாலும், ஓவியம் தான்னு சொன்னாலும், முடிஞ்ச வரைக்கும் பன்னெண்டாவது வரை கணக்கை விடாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். பிடிக்கவே பிடிக்காம அழுது அழுது போடுற பிள்ளைன்னா வேற விஷயம், அதுக்காக வீட்டை நரகமாக்க வேணாம்.

எந்த போர்டு

மூணு வழி இருக்கு, அதுல ரெண்டைச் சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். மாநில போர்டுல தனித்தேர்வரா பத்தாவது எழுதலாம், பதினாலரை வயசு முடிஞ்சிருக்கணும், எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும், இல்லன்னா அதுக்குன்னு இருக்கிற தனித்தேர்வு எழுதணும், அறிவியல் ப்ராக்டிகல் வகுப்புக்கும் முன்கூட்டியே பேரு குடுக்கணும். டியூஷனும் கைடும் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது இதோட லாபம். ஆனா பன்னெண்டாவதுல அறிவியல் குரூப்பை நேரடித் தனித்தேர்வரா எழுதுறது லேசுல நடக்கிற காரியம் இல்ல, பத்தாவதோட நிறுத்திட்டு ஸ்கூல்ல சேத்து விடுற வீடுகளுக்கு இது சரி. ரெண்டாவது கேம்பிரிட்ஜ், பத்தாவது மாதிரி ஐஜிசிஎஸ்இ-ல அஞ்சு பாடம், அப்புறம் பன்னெண்டாவது மாதிரி ஏ லெவல் மூணு பாடம். படிப்பு அருமை, செலவும் அருமை, பரீட்சை எழுதப் பெரிய ஊருக்குத் தான் ஓடணும்.

முக்காவாசி பேர் போறது மூணாவது வழி, என்ஐஓஎஸ், தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989-ல ஆரம்பிச்ச மத்திய அரசு போர்டு. பத்தாவதுக்கு 14 வயசு, பன்னெண்டாவதுக்கு 15 வயசு முடிஞ்சிருக்கணும், எந்தத் தேதியில வயசைப் பாப்பாங்கன்னு அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல போட்டிருக்கும். ரெண்டுக்குமே குறைஞ்சது அஞ்சு பாடம், அதுல ஒரு மொழியாவது இருக்கணும், ரெண்டு மொழிக்கு மேல கூடாது, வேணும்னா கூட ரெண்டு பாடம் எடுத்துக்கலாம். ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷம் செல்லும். வருஷத்துக்கு ரெண்டு பரீட்சை, ஏப்ரல்-மேயில ஒண்ணு, அக்டோபர்-நவம்பர்ல ஒண்ணு. எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்துல எழுதணும்னு இல்ல, இப்ப ரெண்டு அப்புறம் மூணுன்னு பிரிச்சு எழுதலாம், பாஸானது கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். 33 சதவீதம் பாஸ், தியரி தனியா ப்ராக்டிகல் தனியா.

இதுல புதுசா வர்றவங்க கவனிக்காம விடுற மூணு விஷயம் இருக்கு, கொஞ்சம் நின்னு படிங்க.

ஒண்ணு, ரெண்டு வருஷ இடைவெளி. பத்தாவது பாஸ் பண்ணினதுக்கும் பன்னெண்டாவது சர்ட்டிபிகேட் வாங்குறதுக்கும் நடுவுல ரெண்டு வருஷம் இருக்கணும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அதுக்கு முன்னாடி அஞ்சு பாடத்தையும் முடிக்க விட மாட்டாங்க, நாலு பாடம் வரைக்கும் எழுதிக்கலாம். இதைத் தேதி போட்டுப் பாருங்க. ஏப்ரல் 2027-ல பத்தாவது எழுதினா ஏப்ரல் 2029-ல பன்னெண்டாவது. என்ஐஓஎஸ் ஏப்ரல் பரீட்சை ரிசல்ட் பெரும்பாலும் ஜூன்ல தான் வரும், அதுக்குள்ள நம்ம காலேஜ்கள்ல அப்ளிகேஷன் மூடுற நேரம் வந்துடும். அதே பிள்ளை ஆறு மாசம் முன்னாடி அக்டோபர் 2026-லயே பத்தாவது எழுதிட்டா அக்டோபர் 2028-ல பன்னெண்டாவதும் முடிஞ்சு, அடுத்த அட்மிஷன் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மார்க் ஷீட் கையில இருக்கும், நடுவுல கிடைக்கிற மாசங்கள்ல நுழைவுத் தேர்வுக்கு மட்டும் படிக்கலாம், ஒரு பாடத்துல மார்க் குறைஞ்சாலும் ஏப்ரல்ல திரும்ப எழுதிப் பாக்கலாம். அதனால முடிஞ்சா பத்தாவதை அக்டோபர்ல முடிங்க.

ஐஐடி குறி வச்சவங்க மட்டும் இங்க ஜாக்கிரதையா இருக்கணும். ஐஐடிக்குன்னு இருக்கிற ரெண்டாம் கட்டப் பரீட்சையான ஜேஇஇ அட்வான்ஸ்டுல பன்னெண்டாவதை மொதல் தடவை எந்த வருஷம் எழுதினீங்கன்னு பாப்பாங்க, அந்த வருஷம் இல்ல அதுக்கடுத்த வருஷம்னு ரெண்டுக்குள்ள அட்வான்ஸ்டை முடிச்சிடணும். பாடத்தைப் பிச்சுப் பிச்சு முன்னாடியே எழுத ஆரம்பிச்சா அந்தக் கடிகாரமும் ஓட ஆரம்பிச்சிடுமோங்கிற கேள்வி வரும். அவங்க வருஷா வருஷம் போடுற அறிவிப்பை முழுசா படிச்சுட்டு அப்புறம் பிரிங்க.

ரெண்டாவது, டிஎம்ஏன்னு ஒரு அசைன்மென்ட். தியரி மார்க்ல 20 சதவீதம் இதுக்குத் தான். சிலபஸையே 40, 60-ன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, 40 சதவீதப் பாடம் அசைன்மென்ட்டோட முடிஞ்சிடும், மீதி 60 சதவீதம் தான் பரீட்சைக்கு வரும். கேக்க சுகமா இருக்கும், நுழைவுத் தேர்வுக்குப் போற பிள்ளைக்கு அங்க தான் கண்ணி. நீட்டும் ஜேஇஇயும் இந்த 40, 60 எல்லாம் பாக்காது. அதுமட்டுமில்ல, நீட் பயாலஜி வரிக்கு வரி என்சிஇஆர்டி புக்கை, அதாவது சிபிஎஸ்இ பள்ளிகள்ல படிக்கிற மத்திய அரசுப் பாடநூலை வச்சுக் கேப்பாங்க, என்ஐஓஎஸ் புக் வேற. ஆக டாக்டர் ஆசை இருக்கிற வீட்ல ஆரம்பத்துலருந்தே என்சிஇஆர்டியை முதல் புக்கா வச்சுக்கிட்டு, போர்டு பரீட்சைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி என்ஐஓஎஸ் புக்குக்கு மாறுறது புத்திசாலித்தனம்.

மூணாவது, ஸ்டடி சென்டர். அட்மிஷன் ஆன்லைன்ல போடும்போதே ஒரு சென்டரைத் தேர்ந்தெடுக்கணும், ப்ராக்டிகலும் தொடர்பு வகுப்பும் அங்க தான். எல்லா சென்டர்லயும் எல்லாப் பாடமும் இருக்காது, பக்கத்துல இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு டிக் அடிக்காதீங்க, நேர்ல போய் “பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் இருக்கா, எத்தனை நாள் ப்ராக்டிகல் நடத்துவீங்க, கடைசி வருஷம் எத்தனை பிள்ளைங்க அந்தப் பாடம் எழுதினாங்க”ன்னு கேளுங்க. மழுப்புனா அடுத்த ஊர் சென்டரைப் பாருங்க. சிவகங்கை மாவட்டத்துல சரியா அமையலைன்னா மதுரை, திருச்சி ரெண்டுமே நமக்குப் பஸ் தூரம் தான்.

இப்ப பாடச் சுமை

ஒம்பதாவது வகுப்பு படிக்கிற வயசுல, அதாவது 13-லருந்து 14 வரை, எந்தப் போர்டுலயும் பேரு குடுக்க வேணாம். இந்த ஒரு வருஷம் கணக்குல அல்ஜீப்ராவை அசைக்க முடியாத அளவுக்குக் கட்டி விடுங்க, இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் ஒரு பக்கம் தானா எழுதுற பழக்கம் வரட்டும், மணி பாத்து உக்காந்து ஒரு பரீட்சை எழுதுற பழக்கமும் வரட்டும். வீட்டுப் பிள்ளைங்களுக்கு விஷயம் தெரியும், மூணு மணி நேரம் உக்காந்து கையால எழுதுறது தான் வராது, பதினாலு வயசுல திடீர்னு பழக்கினா கை வலிக்குதுன்னு எந்திரிச்சிடும்.

பத்தாவதுக்கு இங்கிலீஷ், தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், இந்த அஞ்சும் போதும். இதுல சாமர்த்தியம் எதுவும் காட்ட வேணாம், ஈசியா இருக்குன்னு கணக்குக்குப் பதிலா வேற ஒண்ணைப் போட்டுட்டு பதினொண்ணாவதுல முழிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். பத்தாவதுல தமிழ் மீடியமும் இருக்கு, ஆனா பன்னெண்டாவதுல எந்த மீடியம்னு யோசிச்சுட்டு எடுங்க.

பன்னெண்டாவதுக்கு என்னோட கணக்கு ஆறு பாடம். அஞ்சுன்னா ஒண்ணு கவுந்தா சர்ட்டிபிகேட்டே நிக்கும், ஏழுன்னா எல்லாத்துலயும் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவுல நிக்கும். இன்ஜினியரிங் பக்கம்னா கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆறாவதா தமிழ். டாக்டர் பக்கம்னா கம்ப்யூட்டருக்குப் பதில் பயாலஜி, கணக்கு கூடவே இருக்கட்டும். காமர்ஸ்னா அக்கவுண்டன்சி, பிசினஸ் ஸ்டடீஸ், எகனாமிக்ஸ், கணக்கு, இங்கிலீஷ், தமிழ். தமிழை ஏன் திரும்பத் திரும்ப சொல்றேன்னா, நம்ம வீட்ல பேசுற மொழிங்கிறதால கம்மி நேரத்துல நல்ல மார்க் வர்ற பாடம் அது, கூடவே ஒரு காப்பீடு. பங்குனியில காரைக்குடியிலயும் நாட்டரசன்கோட்டையிலயும் கம்பன் விழா நடக்குதுல்ல, 1939-ல கம்பன் அடிப்பொடி சா. கணேசன் ஆரம்பிச்சது, பிள்ளைய ஒரு நாள் முழுக்க அங்க உக்கார வச்சீங்கன்னா செய்யுள் மேல இருக்கிற பயம் கொஞ்சம் கொறையும், இது டியூஷன்ல கிடைக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? பாடத்துக்குன்னு நாலு மணி நேரத்துலருந்து அஞ்சு மணி நேரம், அதுக்கு மேல வேணாம். காலையில கணக்கு, அதுக்கப்புறம் ஒரு அறிவியல், மத்தியானம் மொழியோ சமூக அறிவியலோ. ஆறு பாடத்தையும் தினம் தொடணும்னு டைம்டேபிள் போட்டா ரெண்டு வாரத்துல அது சுவத்துல தொங்குற காலண்டர் ஆயிடும். வாரத்துக்கு கணக்கு ஆறு தடவை, அறிவியல் நாலு நாலு, மொழிகள் ரெண்டு ரெண்டுன்னு விடுங்க. தை மாசம் பழனி பாதயாத்திரை, பிள்ளையார் நோன்பு, உறவுல கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மாதிரி சாந்தி, இதெல்லாம் நம்ம பக்கம் வராம இருக்காது, அந்த நாட்களை வருஷ ஆரம்பத்துலயே அடிச்சுட்டு மீதிய எண்ணுங்க, அப்பதான் எத்தனை வாரம் நெசமா கையில இருக்குன்னு தெரியும்.

நோட்டு எழுதணும்

பாடத்தைக் கம்மி பண்ணுங்க, பதிவை ஜாஸ்தி பண்ணுங்க. இது தான் ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம், அவனுக்கு ஸ்கூல் சாட்சி சொல்லும், உங்க பிள்ளைக்கு நோட்டு தான் சாட்சி. நம்ம ஐயாக்கள் பர்மாவுல கடை வச்சிருந்தப்ப அன்னன்னிக்குக் குறிப்பேட்டுல எழுதி, அதைப் பேரேட்டுல ஏத்தி, கடைசியில ஐந்தொகை எடுப்பாக. ஏறக்குறைய அதே வேலை தான் இதுவும், தினக் குறிப்பு ஒண்ணு, பாட வாரியா மொத்த மணி ஒண்ணு, வருஷக் கடைசியில ஒரு பக்கம்.

தினக் குறிப்பு எப்படி இருக்கணும்னு காட்டுறேன், ஒரு பிள்ளையோட நோட்டு இப்படி இருந்தா போதும்:

“ஆகஸ்ட் 12. கெமிஸ்ட்ரி, 1 மணி 20 நிமிஷம். ஆத்தங்குடி பட்டறை. கண்ணாடி மேல இரும்பு அச்சு வச்சு கலர் சிமென்ட் ஊத்துனாங்க, அச்சை எடுத்துட்டு மேல மணலும் சிமென்ட்டும் போட்டாங்க. சூளை கிடையாது. காஞ்ச கல்லைத் தண்ணித் தொட்டியில முக்குறாங்க. கேள்வி: சுடாம எப்படி இறுகுது, இறுகினதை ஏன் தண்ணியில போடணும்? போட்டோ 3.”

“ஆகஸ்ட் 13. கெமிஸ்ட்ரி, 50 நிமிஷம். சிமென்ட் காஞ்சு இறுகல, தண்ணியோட சேந்து இறுகுது, அதுக்குப் பேரு ஹைட்ரேஷன். தண்ணி பத்தலைன்னா பாதியில நின்னுடும், அதான் தொட்டி. கலர் எல்லாம் ஆக்சைடு. சமன்பாடு எழுதிப் பாத்தேன்.”

அவ்வளவு தான். தேதி, பாடம், நேரம், என்ன பண்ணோம், ஒரு ஆதாரம். பிள்ளையே எழுதணும், அம்மா எழுதக் கூடாது, அம்மா எழுதுனா ரெண்டு மாசத்துல நின்னு போகும்.

ப்ராஜெக்ட்டுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்ல. வளவு, அதாவது நடு முத்தம் இருக்கிற பழைய வீடுன்னா கூரை பரப்பை அளந்து மழைத் தண்ணி எவ்வளவு விழுதுன்னு கணக்குப் போடச் சொல்லுங்க, ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர், 200 சதுர மீட்டர் கூரையில 50 மில்லிமீட்டர் பெஞ்சா 10,000 லிட்டர், அது எங்க போகுதுன்னு ஊருணி வரைக்கும் தேடிப் போகட்டும். பயாலஜிக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாம இருக்காங்க. சரித்திரத்துக்கு கீழடி, அந்த அருங்காட்சியகம் 2023-ல திறந்தாங்க, அதுவும் நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சாயல்ல தான் கட்டியிருக்காங்க. சிக்ரி மாதிரி சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள் நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டிப் பொதுமக்களை உள்ள விடுறது வழக்கம், எந்தத் தேதின்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க. இதெல்லாம் போர்டு பரீட்சை மார்க்கைக் கூட்டாது, அதையும் சொல்லிடுறேன். ஆனா டிசைன் காலேஜ் நேர்காணலுக்கோ வெளிநாட்டு அப்ளிகேஷனுக்கோ போகும்போது எழுத விஷயம் வேணும்ல.

அமெரிக்கா போற எண்ணம் இருந்தா

நம்ம பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் ஒருத்தராவது அங்க இருப்பாங்க, அவங்க பேச்சைக் கேட்டு ஆசை வர்றது சகஜம். அங்க ஹோம்ஸ்கூல் பிள்ளைங்க புதுசு இல்ல, காலேஜ்களுக்குப் பழக்கம் தான். அவங்க பாக்குறது ஒம்பதுலருந்து பன்னெண்டு வரைக்குமான நாலு வருஷத்தையும், கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் இல்ல. பொதுவா எதிர்பாக்குறது இங்கிலீஷ் நாலு வருஷம், கணக்கு மூணு, நாலு இருந்தா நல்லது, லேப் வச்ச அறிவியல் மூணு, சமூக அறிவியல் மூணு, வேற மொழி ரெண்டு வருஷம். வருஷத்துக்கு அஞ்சு ஆறு பாடம்னு போட்டா நாலு வருஷத்துல 20-லருந்து 24 கிரெடிட் வரைக்கும் வந்துடும். ஒரு கிரெடிட்ங்கிறது சுமாரா 120 மணி நேரம், இப்ப புரியுதா நோட்டுல ஏன் நிமிஷக் கணக்கு எழுதச் சொன்னேன்னு.

நாலு வருஷப் பாடத்தையும் மார்க்கையும் காட்டுற ட்ரான்ஸ்கிரிப்ட்டைப் போடுறது நீங்க தான், கையெழுத்தும் உங்களது தான், பல காலேஜ்களுக்கு ஒரே இடத்துல விண்ணப்பிக்கிற காமன் ஆப்ல கவுன்சிலர் இடத்துல எழுதப் போறதும் பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ தான். கூச்சப்பட வேணாம், ஆனா “என் பிள்ளை தங்கம்”னு எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க, ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன புக், என்ன வேலை, எப்படி மார்க் போட்டீங்கன்னு நாலு வரி எழுதுங்க. “உள்ளூர் வரலாறும் கட்டடக் கலையும், 1 கிரெடிட், 120 மணி நேரம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளோட தரைப்படம் வரைஞ்சது, ஆத்தங்குடி கல் செய்முறை, கீழடி அருங்காட்சியகக் குறிப்பு, கடைசியில இருபது பக்கக் கட்டுரை”ன்னு இருந்தா படிக்கிறவனுக்கு ஒரு படம் கிடைக்கும்.

வீட்டு மார்க்கை மட்டும் வச்சுக்கிட்டுப் போறது பலவீனம், வெளிய யாராவது ஒருத்தர் போட்ட மார்க்கும் வேணும். என்ஐஓஎஸ் மார்க் ஷீட் ஒண்ணு, அமெரிக்கக் காலேஜ்களுக்கு எழுதுற எஸ்ஏடி பரீட்சை ஒண்ணு, இது இப்ப கம்ப்யூட்டர்ல தான், ரெண்டே கால் மணி நேரத்துக்குள்ள முடியும், 1600-க்கு. எம்ஐடி மாதிரி சில இடங்கள் இதைக் கட்டாயமாக் கேக்குறாங்க, கலிபோர்னியா யூனிவர்சிட்டி பாக்குறதே இல்ல, அதனால லிஸ்ட் போட்டுட்டு எழுதுங்க. காலேஜ் தரத்துல பாட வாரியா நடக்கிற ஏபி பரீட்சை மே மாசம் வரும், அஞ்சுக்கு மார்க், ஒண்ணோ ரெண்டோ எழுதினா போதும், கால்குலஸ் ஒண்ணு நல்ல தேர்வு. என்ஐஓஎஸ் ஏப்ரல்-மே பரீட்சையும் ஏபியும் ஒரே நேரத்துல மோதும், பாத்துக்கோங்க. பன்னெண்டாவதை அக்டோபருக்கு வைங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கயா அங்கயான்னு முடிவாகலைன்னா என்ஐஓஎஸ் பாதையை அடிப்படையா வச்சுக்கிட்டு, நோட்டை மட்டும் அமெரிக்காவுக்கு ஏத்த மாதிரி எழுதுங்க. கூடுதல் செலவு ஒரு நோட்டுப் புத்தகம் தான்.

காகிதங்க

இதைச் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. நம்ம பிள்ளைங்க பேர்ல இனிஷியல் இருக்கும், பிறப்புச் சான்றுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசிப் பேரா நிக்கும். பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி ஏறுதோ அது தான் ஆயுசுக்கும், அதனால என்ஐஓஎஸ்ல பதியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே எழுத்துக்குக் கொண்டு வந்துடுங்க. மெய்யம்மைங்கிற பேரையே ஆளாளுக்கு ஒரு மாதிரி இங்கிலீஷ்ல எழுதுவாங்க, அதுலயே ரெண்டு மாசம் அலையலாம்.

தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல எட்டாவதுலருந்து பன்னெண்டாவது வரை இங்க ஸ்கூல்ல படிச்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க, நம்மகிட்ட அது இருக்காது, அதுக்குப் பதிலா இருப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் வேணும். இ-சேவையில முன்னாடியே வாங்கி வைங்க, சாதிச் சான்றும் அப்படித்தான், ஜூன் மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல போய் நிப்பாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு நமக்குக் கிடையாது, அதை எதிர்பாத்து கணக்குப் போடாதீங்க.

காலேஜ்ல டிசி கேப்பாங்க. “நாங்க ஸ்கூலுக்கே போகலையே”ன்னு கவுண்டர்ல நின்னு வாதாட வேணாம், மார்க் ஷீட்டோட என்ஐஓஎஸ் மைக்ரேஷன் கம் ட்ரான்ஸ்ஃபர் சர்ட்டிபிகேட்னு ஒண்ணு குடுக்கும், டிசி இடத்துல அது தான். அது ஸ்டடி சென்டருக்குத் தான் வந்து சேரும், நீங்களே போய்க் கேட்டு வாங்கணும், அதுபாட்டுக்கு வீட்டுக்கு வரும்னு இருந்துடாதீங்க. வாங்குனதும் பேரு, பொறந்த தேதி, பாடம் எல்லாம் சரியான்னு அங்கயே நின்னு பாருங்க. நகல் நாலஞ்சு எடுத்துக்கிட்டு அசலை ஃபைல்ல போடுங்க, நல்லா இருக்கணும்னு லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, பின்னாடி சீல் வைக்கிறதுக்கு சில இடங்கள்ல கேப்பாங்க.